நைஜீரியாவின் பெட்ரோல் அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் எடுக்கும் நாட்டில் பெட்ரோலுக்கு ஏன் வரிசை நிற்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நைஜீரியாவை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். பல வருடமாக இந்த விஷயத்தைப் பின்தொடர்ந்து வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தந்திருக்கிறேன். 2025ஆம் ஆண்டு முடிய நடந்தவை இதில் உள்ளன.

எண்ணெயை ஏற்றுமதி செய்கிற நாடு பெட்ரோலை ஏன் வெளியே வாங்கியது?

பூமியிலிருந்து வருவது கச்சா எண்ணெய். அதை அப்படியே எந்த வண்டியிலும் ஊற்ற முடியாது. சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சிப் பிரித்தால்தான் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாம் கிடைக்கும். 1956இல் இன்றைய பயெல்சா மாநிலத்தின் ஒலொய்பிரி கிராமத்தில் ஷெல்-பிபி நிறுவனம் எண்ணெய் கண்டது. 1958இல் முதல் கப்பல் கிளம்பியது. அங்கே கிடைக்கும் 'போனி லைட்' ரகம் கந்தகம் குறைந்தது. காய்ச்சினால் பெட்ரோலும் டீசலும் நிறையத் தரும். ஐரோப்பிய ஆலைகளும் இந்திய ஆலைகளும் அதை விரும்பி வாங்கின. அதே நாடு பல ஆண்டுகள் தனக்குத் தேவையான பெட்ரோலில் ஏறக்குறைய முழுவதையும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைத்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான். ஒரே ஒரு வேறுபாடு: அந்த அலைச்சலில் சிலருக்கு நல்ல வருமானம் இருந்தது. மீதிக் கதை முழுவதும் அந்த வருமானத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

அந்த நாட்டில் சுத்திகரிப்பு ஆலையே இல்லையா?

இருந்தன. போர்ட் ஹார்கோர்ட் நகரை ஒட்டிய எலெமேயில் 1965இல் முதல் ஆலை வந்தது. 1978இல் வாரி, 1980இல் கடுனா, 1989இல் போர்ட் ஹார்கோர்ட்டில் இன்னொன்று. நான்கும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய் காய்ச்சலாம் என்பது காகிதக் கணக்கு. நாட்டுத் தேவையில் பெரும்பகுதியைத் தீர்க்கக்கூடிய அளவுதான் அது. நான்கும் அரசின் நைஜீரிய தேசிய பெட்ரோலிய நிறுவனத்துக்குச் சொந்தம். இனி இதைத் தேசிய நிறுவனம் என்றே சொல்கிறேன்.

அப்புறம் ஏன் அவை ஓடவில்லை?

சுத்திகரிப்பு ஆலையை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக நிறுத்தி, உலைகளைத் திறந்து, குழாய்களை மாற்றி, வினையூக்கிகளைப் புதுப்பிக்க வேண்டும். மணலிப் பக்கம் ஆலை வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், 'ஷட்டவுன்' என்றால் என்னவென்று சொல்வார்கள். நைஜீரியாவில் இந்த ஷட்டவுன் வருடக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டது. செய்ததாகக் கணக்குக் காட்டிய தடவைகளிலும் ஆலை சில மாதத்தில் மறுபடி படுத்துவிட்டது.

கச்சாவைக் கொண்டுவரும் குழாய்களிலும் ஓட்டை போட்டார்கள். கடுனா ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கிடைப்பது தெற்கே நைஜர் ஆற்றின் டெல்டாவில், ஆலை இருப்பது வடக்கே. வடக்குக்கும் ஒரு ஆலை வேண்டும் என்ற அரசியல் கணக்கு இதில் பெரிதாக வேலை செய்தது என்றே நினைக்கிறேன். அதனால் கச்சா பல நூறு கிலோமீட்டர் குழாயில் போக வேண்டும். அந்தக் குழாயில் எங்கே துளை விழுந்தாலும் கடுனாவில் அடுப்பு அணைந்துவிடும்.

ஆனால் இவை எல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறுகள். சரிசெய்ய யாருக்கும் அவசரம் இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். ஆலை ஓடினால் ஒரு நிர்வாகிக்கு சம்பளம் மட்டும்தான் கிடைக்கும். ஆலை நின்றால் பழுதுபார்க்கும் ஒப்பந்தம் வரும், இறக்குமதி உரிமம் வரும், கப்பல் வாடகை வரும், துறைமுகக் கிடங்குக் கட்டணம் வரும், மானியம் வரும். நின்றுபோன ஆலையைச் சுற்றி இத்தனை பேர் பிழைக்கும்போது அதை ஓடவைப்பது அரசியல்ரீதியாக ஆபத்தான காரியமாகிவிடுகிறது.

மானியம் என்று சொல்கிறார்களே, அது யாருக்குப் போனது?

பெட்ரோல் பங்கில் விற்கும் விலையை அரசு நிர்ணயிக்கும். இறக்குமதியாளர் கப்பலில் கொண்டுவரும் பெட்ரோலின் அடக்க விலை அதைவிட அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத்தை அரசு இறக்குமதியாளருக்குக் கொடுக்கும். அதாவது மானியப் பணம் முதலில் போய்ச் சேர்வது வண்டி ஓட்டுபவரிடம் இல்லை. 'இத்தனை லிட்டர் இறக்கினேன்' என்று காகிதம் நீட்டுபவரிடம். எவ்வளவு இறங்கியது என்று யார் அளந்தார்கள்? அங்கேதான் ஓட்டை.

2012 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டு அன்று, ஜனாதிபதி குட்லக் ஜோனாதனின் அரசு மானியத்தை நீக்கியது. லிட்டர் 65 நைராவாக (நைரா அந்நாட்டு நாணயம்) இருந்த பெட்ரோல் ஒரே நாளில் 141 ஆனது. ஊருக்குப் பண்டிகைக்குப் போனவர்கள் திரும்பிவர பஸ் கட்டணம் இல்லாமல் தவித்தார்கள். 9ஆம் தேதி நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கியது. லாகோஸ், கானோ, அபுஜா என்று எல்லா ஊரிலும் கூட்டம். ஒரு வாரத்தில் அரசு இறங்கிவந்து விலையை 97 நைராவாகக் குறைத்தது.

அந்தப் போராட்டத்தின் நல்ல விளைவு, நாடாளுமன்றக் கீழவை கணக்கைத் தோண்டியது. 2011க்கு மானியமாக ஒதுக்கியது 245 பில்லியன் நைரா, செலவானது 2.5 டிரில்லியனுக்கும் மேல் என்று விசாரணைக் குழு சொன்னது. ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு டிரில்லியன் லட்சம் கோடி. ஒதுக்கியதைப்போலப் பத்து மடங்கு! 2006இல் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த இறக்குமதியாளர்கள் 2011இல் 140 பேர் ஆகியிருந்தார்கள். ஒரு லிட்டர்கூட இறக்காமல் பணம் வாங்கியவர்கள் மீது வழக்குகள் வந்தன.

அந்த விசாரணைக் குழுவின் தலைவர் பரூக் லாவன். அறிக்கையில் ஒரு நிறுவனத்தின் பெயரை நீக்குவதற்காக எண்ணெய் வணிகர் ஃபெமி ஒட்டெடோலாவிடம் 5 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கினார் என்று அவரே மாட்டிக்கொண்டார். 2021இல் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; 5 ஆண்டு என்று மேல்முறையீட்டில் குறைந்த தண்டனையை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. திருட்டைக் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவரே விலைபோனதைப் பார்த்த மக்கள், அதன்பிறகு அரசு சொல்லும் எந்தச் சீர்திருத்தத்தையும் நம்பத் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

மானியத்தில் இவ்வளவு திருட்டு என்று தெரிந்தும் மக்கள் அதை ஏன் விடமாட்டேன் என்றார்கள்?

இந்தக் கேள்வியை எரிச்சலோடு கேட்பவர்களுக்கு லாகோஸில் ஒரு தையல் கடையைக் காட்ட விரும்புகிறேன். கடை வாசலில் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருக்கும். ஒரு கையால் தூக்கிப் போய்விடலாம். ஊரில் அதற்குப் பெயர் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்', பக்கத்து வீட்டுக்காரரைவிட நான் ஒரு படி மேல் என்று பொருள். காலையில் கயிற்றை இழுத்து அதைக் கிளப்பினால்தான் தையல் மெஷின் ஓடும். மின்கம்பி வாசலில்தான் போகிறது, மின்சாரம்தான் எப்போது வரும் என்று தெரியாது. முடி வெட்டும் கடை, செல்போன் சார்ஜ் போடும் கடை, குளிர்பானக் கடை, எல்லாவற்றுக்கும் வாசலில் இதே சத்தம், இதே புகை.

ஆக அங்கே பெட்ரோல் என்பது கார் வைத்திருப்பவரின் பிரச்சினை மட்டும் கிடையாது. அதுதான் ஏழையின் மின்சாரம். ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 195 நைராவாக இருந்தபோது 780 நைரா. 617 ஆனபோது 2,468. ஆயிரத்தைத் தாண்டியபோது நான்காயிரத்துக்கும் மேல். தையல் கூலியை அந்த வேகத்தில் உயர்த்தினால் யார் துணி கொடுப்பார்கள்?

அந்த மண்ணின் எண்ணெயால் பள்ளிக்கூடம் வந்ததா, மருத்துவமனை வந்ததா, தண்ணீர் வந்ததா என்று கேட்டால் பெரும்பாலானவர்களின் பதில் இல்லை என்பதுதான். மலிவு பெட்ரோல் ஒன்றுதான் அவர்கள் கைக்கு நேராக வந்து சேர்ந்த பங்கு. அதை எடுத்துக்கொண்டு 'மிச்சமாகும் பணத்தில் வேறு நல்லது செய்வோம்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பொருளாதாரக் கணக்கு அரசின் பக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம்பிக்கையைத்தான் அரசு அதற்கு முன்பே செலவழித்துத் தீர்த்துவிட்டிருந்தது.

மானியம் அண்டை நாடுகளுக்கும் போனதாமே?

ஆமாம். பெனின் நாட்டில் சாலையோரம் கண்ணாடி ஜாடிகளிலும் பாட்டில்களிலும் மஞ்சளாக மின்னும் பெட்ரோலை அடுக்கி வைத்து விற்பார்கள். 'க்பாயோ' என்று பெயர். எல்லாம் நைஜீரியாவிலிருந்து கடத்தி வந்தது. 2023 மே 29 அன்று பதவியேற்பு உரையிலேயே புதிய ஜனாதிபதி போலா டினுபு மானியம் முடிந்தது என்று அறிவித்ததும் பெனினிலும் விலை எகிறியது. நைஜீரியாவில் ஒரு நாளைக்கு 6.6 கோடி லிட்டருக்கு மேல் செலவாகிறது என்று காட்டிய அரசுக் கணக்கு, சில வாரத்தில் 5 கோடிக்கும் கீழே இறங்கியது. விலை உயர்ந்ததால் மக்கள் குறைத்துக்கொண்டதும் அதில் உண்டு. மீதி எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை அந்த ஜாடிகளே சொல்லிவிட்டன.

கச்சாவைக் கொடுத்துப் பெட்ரோல் வாங்கும் பண்டமாற்று என்றால் என்ன?

2016 முதல் தேசிய நிறுவனம் தேர்ந்தெடுத்த வணிகக் கம்பெனிகளுக்குக் கச்சாவைக் கொடுத்து, அதே மதிப்புக்குப் பெட்ரோலைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன்னும் வேறு பெயர்களில் இதே மாதிரி ஏற்பாடுகள் இருந்தன. கையில் டாலர் இல்லாதபோது இது வசதிதான். ஆனால் கச்சாவுக்கு என்ன விலை, பெட்ரோலுக்கு என்ன விலை, கப்பல் கூலி எவ்வளவு என்பதெல்லாம் பேரத்துக்குள் புதைந்துவிடும். வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியாது.

வந்த பெட்ரோலின் தரமும் மோசம். 2022 பிப்ரவரியில் பெல்ஜியத்திலிருந்து வந்த சரக்கில் மெத்தனால் அளவுக்கு மீறிக் கலந்திருந்தது. வண்டிகள் நடுவழியில் நின்றன, சரக்கைத் திரும்ப எடுத்ததில் வாரக்கணக்கில் வரிசை. ஐரோப்பாவில் விற்கவே முடியாத அளவு கந்தகம் உள்ள எரிபொருளை மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்றே கலந்து அனுப்பும் வியாபாரம் நெடுநாள் நடந்தது. 2023 ஏப்ரலில்தான் நெதர்லாந்து அதற்குக் கட்டுப்பாடு போட்டது. தன் கந்தகம் குறைந்த கச்சாவைக் கொடுத்துவிட்டுக் கந்தகம் மிகுந்த பெட்ரோலை வாங்கி அந்த ஊர்க் குழந்தைகள் சுவாசித்தார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஆலைகளைத் தனியாருக்கு விற்றிருக்கலாமே?

விற்றார்கள். 2007 மே மாதம், ஒலுசெகுன் ஓபசாஞ்சோ பதவியிலிருந்து இறங்கும் கடைசி நாட்களில், போர்ட் ஹார்கோர்ட், கடுனா ஆலைகளின் 51 சதவீதப் பங்கு புளூஸ்டார் என்ற கூட்டமைப்புக்கு மொத்தம் 72 கோடி டாலருக்குப் போனது. அதில் நைஜீரியாவின் பெரும் சிமெண்ட் தொழிலதிபர் அலிகோ டாங்கோட்டேயும் இருந்தார். ஒரு ஜனாதிபதி மூட்டை கட்டும் நேரத்தில், அவருக்கு வேண்டியவர்களுக்கு விற்றது தொழிற்சங்கங்களுக்குக் கோபமூட்டியது. ஜூனில் வேலைநிறுத்தம். புதிதாக வந்த உமாரு யாரடுவா அரசு விற்பனையை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

விற்ற முறை தவறு, எனவே எதிர்த்தது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் ரத்து செய்தபின் அதே ஆலைகளைப் பழைய நிர்வாகத்திடமே விட்டது அதைவிடப் பெரிய தவறு. அதற்குப் பிறகும் பதினாறு, பதினேழு வருடம் அவை துருப்பிடித்தன.

பிறகு டாங்கோட்டே தானே கட்டிய புதிய ஆலை எவ்வளவு பெரியது?

லாகோஸ் நகருக்குக் கிழக்கே லெக்கி கடற்கரையில், ஒரே காய்ச்சுக் கோபுரத்தில் நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய். நம் மணலி ஆலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சதுப்பு நிலத்தில் கடல் மணலை அள்ளிக் கொட்டித் தரையை உயர்த்தித்தான் கட்டினார்கள். செலவு சுமார் 2,000 கோடி டாலர். இந்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான என்ஜினியர்ஸ் இந்தியா இதன் பொறியியல் ஆலோசகர். கட்டுமானத்தில் இந்தியர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். 2023 மே 22 திறப்பு விழா. 2024 ஜனவரியில் டீசலும் விமான எரிபொருளும், செப்டம்பரில் பெட்ரோலும் வெளியே வந்தன. 14 லட்சம் பீப்பாயாக விரிவாக்கப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள்.

உள்ளூரில் அவ்வளவு பெரிய ஆலை வந்தபிறகும் அமெரிக்காவிலிருந்து கச்சா வாங்கினார்களாமே?

உண்மைதான். இந்த விஷயத்தில் என்னை மிகவும் உறுத்தும் இடம் இது.

நைஜீரியக் கச்சா நைஜீரிய ஆலைக்குக் கிடைக்காததற்கு முதல் காரணம், அதில் ஒரு பகுதி ஏற்கெனவே அடகில் இருந்தது. எதிர்காலத்தில் எடுக்கப்போகும் எண்ணெயைக் காட்டி அரசும் தேசிய நிறுவனமும் கடன் வாங்கியிருந்தன. 2023இல் வாங்கிய சுமார் 330 கோடி டாலர் கடன் ஒன்று போதும் உதாரணத்துக்கு. விளைச்சலுக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி அறுவடை நாளில் தன் நெல்லைத் தானே தொட முடியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலை.

இரண்டாவது, வெளிநாட்டு எண்ணெய் கம்பெனிகள். உள்நாட்டு ஆலைகளுக்குக் கச்சா கொடுத்த பிறகே ஏற்றுமதி என்பது 2021 பெட்ரோலியச் சட்டத்தின் நோக்கம். ஆனால் அந்தக் கம்பெனிகள் சந்தை விலைக்கு மேல் சில டாலர் கூடுதலாகக் கேட்கின்றன, தங்கள் வெளிநாட்டு வணிகப் பிரிவு வழியாகத்தான் விற்போம் என்கின்றன என்று 2024 ஜூனில் டாங்கோட்டே குழுமத்தின் துணைத் தலைவர் தேவகுமார் எட்வின் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்.

மூன்றாவது திருட்டு. 2022இல் ஃபோர்காடோஸ் ஏற்றுமதி முனையத்திலிருந்து கடலுக்குள் போன 4 கிலோமீட்டர் திருட்டுக் குழாயைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது வருடமாக ஓடியிருந்ததாம்! நாலு கிலோமீட்டர் குழாயைக் கடலில் பதிக்க கப்பல் வேண்டும், பொறியாளர் வேண்டும், கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரிகள் வேண்டும். வாளியோடு வரும் ஏழைத் திருடனின் வேலை கிடையாது அது.

நைராவுக்குக் கச்சா கொடுக்கும் திட்டம் என்ன ஆனது?

2024 அக்டோபர் 1 முதல் தேசிய நிறுவனம் ஆலைக்குக் கச்சாவை நைராவில் விற்கவும், ஆலை பெட்ரோலை நைராவில் விற்கவும் ஏற்பாடு. டாலர் தேவையைக் குறைப்பது நோக்கம். போதுமான கச்சா வரவில்லை என்று ஆலை புகார் சொன்னது. 2025 மார்ச்சில் நைரா விற்பனையை ஆலை நிறுத்தியது. ஏப்ரலில் திட்டம் தொடரும் என்று அரசு அறிவித்தது. ஒவ்வொரு முறையும் இழுபறிதான். மாதம் எத்தனை பீப்பாய், என்ன விலைக்கு என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து வெளியிட்டால் பாதிச் சண்டை தீரும்.

உள்ளூர் ஆலை வந்ததால் பெட்ரோல் மலிந்ததா?

எல்லோரும் எதிர்பார்த்தது இதைத்தான். உங்கள் ஊரிலேயே ரைஸ் மில் வந்துவிட்டால் அரிசி மலிந்துவிடுமா? வண்டிக் கூலி மிச்சமாகும், அவ்வளவுதான். நெல்லைச் சந்தை விலைக்கு வாங்கினால் அரிசியையும் சந்தை விலைக்குத்தான் விற்க முடியும். கச்சாவின் விலை டாலரில் தீர்மானமாகிறது. 2023 ஜூனில் நைராவின் மாற்று விகிதத்தைச் சந்தைக்கு விட்டபின் டாலர் சுமார் 460 நைராவிலிருந்து ஏறி 1,500ஐத் தொட்டது. ஆலை எங்கே இருந்தாலும் இந்த அடியிலிருந்து தப்ப முடியாது.

மானியம் நீக்குமுன் சுமார் 195 நைராவாக இருந்த லிட்டர் 2023 ஜூலையில் 617, 2024 அக்டோபரில் 1,030. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000இலிருந்து 70,000 நைராவாக உயர்ந்தது என்று அரசு பெருமையாகச் சொன்னது. பழைய சம்பளம் பழைய விலையில் 150 லிட்டருக்கு மேல் வாங்கும். புதிய சம்பளம் புதிய விலையில் 68 லிட்டர்தான் வாங்கியது.

அதற்காக ஆலையால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025இல் டாங்கோட்டே ஆலை வணிகர்களுக்குத் தன் வாசலில் விற்கும் விலையைப் பலமுறை குறைத்தது. டிசம்பரில் 699 நைராவுக்குக் கொண்டுவந்தது. எரிபொருளின் தரம் கூடியது. டிசம்பர் மாதம் வந்தாலே பங்கில் நாள்கணக்கில் வரிசை என்ற பழைய நிலைமை வெகுவாக மாறியது. இவை பெரிய மாற்றங்கள்.

அப்படியானால் அரசின் ஏகபோகம் போய் ஒரு தனி மனிதரின் ஏகபோகம் வந்துவிட்டதா?

அந்தப் பயம் நியாயமானது. சிமெண்டில் டாங்கோட்டே எப்படி வளர்ந்தார் என்பதை நைஜீரியர்கள் பார்த்தவர்கள். இறக்குமதித் தடை, வரிச் சலுகை இரண்டும் அந்த வளர்ச்சிக்குக் கைகொடுத்தன. 2024 செப்டம்பரில் அவரது ஆலை நீதிமன்றம் போய், தேசிய நிறுவனத்துக்கும் சில வணிகர்களுக்கும் கொடுத்த இறக்குமதி உரிமங்களை ரத்து செய்யக் கேட்டது. 2025 அக்டோபரில் இறக்குமதிப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 15 சதவீத வரி போட டினுபு ஒப்புக்கொண்டார். எதிர்ப்பு வந்ததும் நவம்பரில் அது கிடப்பில் போடப்பட்டது. ஆலையே எரிவாயுவில் ஓடும் 4,000 லாரிகள் வைத்து நேராகப் பங்குகளுக்கு விநியோகிக்கும் என்றதும் டேங்கர் ஓட்டுநர்களின் சங்கம் 2025 செப்டம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதே மாதம் ஆலை 800க்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது. சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்கினார்கள் என்று எண்ணெய்த் துறை மூத்த ஊழியர்களின் சங்கம் சொன்னது, நாசவேலை செய்தார்கள் என்று ஆலை சொன்னது. அந்தச் சங்கம் ஆலைக்கான எரிவாயு வரத்தையே நிறுத்தியது. அரசு நடுவில் வந்து சில நாளில் தீர்த்துவைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 2024 ஜூலையில் எரிபொருள் ஒழுங்காற்று அமைப்பின் தலைவரே, உள்ளூர் டீசலில் இறக்குமதி டீசலைவிடக் கந்தகம் அதிகம் என்று பொதுவில் சொன்னார். ஆலை நாடாளுமன்ற உறுப்பினர்களை வரவழைத்து அவர்கள் கண்முன்னே மாதிரிகளைச் சோதித்து, இறக்குமதிச் சரக்குதான் மோசம் என்று காட்டியது. நடுவராக இருக்க வேண்டியவர் ஒரு பக்கம் நின்று பேசினால் ஆட்டம் நடக்காது. இறக்குமதிக் கூட்டத்தின் கை நீளம் என்று டாங்கோட்டே சொல்வதில் உண்மை உண்டு. அதற்காக அவர் ஒருவரிடமே சாவியைக் கொடுக்கவும் கூடாது. இறக்குமதிக் கதவு திறந்தே இருக்கட்டும், தரத்தை மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அளக்கட்டும்.

தேசிய நிறுவனத்துக்கும் அந்த ஆலையில் பங்கு உண்டா?

உண்டு. 20 சதவீதம் என்று 2021இல் ஒப்பந்தம் போட்டார்கள். முழுப் பணமும் கட்டாததால் அது 7.2 சதவீதம்தான் என்று 2024 ஜூலையில் டாங்கோட்டே சொன்னபோதுதான் நாட்டு மக்களுக்கே தெரிந்தது. பொதுப் பணத்தின் கணக்கை ஒரு தனியார் முதலாளியின் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பழைய அரசு ஆலைகள் இப்போது?

போர்ட் ஹார்கோர்ட்டைப் புதுப்பிக்க 2021 மார்ச்சில் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள், ஆகஸ்டில் வாரிக்கும் கடுனாவுக்கும் கிட்டத்தட்ட அதே தொகை. 2024 நவம்பரில் போர்ட் ஹார்கோர்ட் பழைய ஆலை பலத்த கொண்டாட்டத்தோடு ஓடத் தொடங்கி 2025 மே 24 அன்று பராமரிப்புக்கென்று நின்றது. 2024 டிசம்பர் கடைசியில் கிளம்பிய வாரி ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செலவழித்த தொகைக்குத் திறப்பு விழாக்கள்தான் மிஞ்சின.

எண்ணெய் நாடுகள் எல்லாமே இப்படித்தானா?

இல்லை. அல்ஜீரியா தன் தேவைக்கு தானே காய்ச்சிக்கொள்கிறது. ஈரான் 2007இல் பெட்ரோலுக்கு ரேஷன் கொண்டுவரும் அளவுக்கு இறக்குமதியை நம்பியிருந்தது. பிறகு புதிய ஆலைகளைக் கட்டி நிலைமையை மாற்றியது. அங்கோலா 2025 செப்டம்பரில் கபிண்டாவில் 30,000 பீப்பாய் ஆலையைத் திறந்தது, ஆனால் நாட்டின் தேவை அதைவிட மிகப் பெரியது.

டெல்டாவில் காட்டுக்குள் தாங்களே எண்ணெய் காய்ச்சுகிறார்களே, அவர்கள் யார்?

'க்போ-ஃபயர்' என்று அந்தத் தொழிலுக்குப் பெயர். கழிமுகத்தின் சதுப்புநிலக் காட்டுக்குள், படகில் மட்டுமே போகக்கூடிய இடத்தில், இரும்புத் தொட்டி ஒன்றை மேடையில் ஏற்றிக் கீழே நெருப்பு மூட்டுவார்கள். தொட்டியிலிருந்து வரும் குழாய், தண்ணீர் நிரப்பிய நீண்ட பள்ளத்தின் வழியாகப் போகும். ஆவி குளிர்ந்து மறுமுனையில் சொட்டும். முதலில் வருவது பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய், பிறகு டீசல். அடியில் தங்கும் தார் அப்படியே ஆற்றில் கொட்டப்படும். பனங்கள்ளைக் காய்ச்சி 'ஒகோகோரோ' சாராயம் இறக்கும் பழைய முறைதான் இதற்கு மூலம். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில், முற்றுகைக்குள் இருந்த மக்கள் இந்த முறையில் காய்ச்சித்தான் வண்டி ஓட்டினார்கள்.

காய்ச்சும் பையன்களின் கை கால்களில் தீக்காயத் தழும்புகள் இருக்கும். மண் முழுக்க கருப்பு. கண்டல் மரங்கள் பட்டுப்போய் நிற்கும். போர்ட் ஹார்கோர்ட் நகரில் காலையில் எழுந்தால் ஜன்னல் கம்பியில், கொடியில் காயும் துணியில், மூக்கின் உள்ளே கரித்தூள் படிந்திருக்கும். 2022 ஏப்ரலில் இமோ மாநிலத்தில் இப்படி ஓர் இடம் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எரிபொருள் வாங்கப் போனவர்களும் அதில் அடக்கம்.

நான் இதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஓடும் குழாயில் அவர்கள் மண்ணின் எண்ணெய் ஏற்றுமதிக்குப் போகிறது; அவர்கள் ஊருக்கு மண்ணெண்ணெய் வருவதில்லை; மீன் பிடித்த ஆறு கசிவால் செத்துவிட்டது. வேறு என்ன தொழில் மிச்சம்? ராணுவம் வந்து தொட்டிகளைக் கொளுத்தும். கொளுத்தும்போது அதே எண்ணெய் அதே ஆற்றில் இன்னொரு முறை கொட்டும். சில வாரத்தில் பக்கத்துக் கால்வாயில் புதிய தொட்டி ஏறும்.

சட்டப்படி அவர்களைத் தொழிலுக்குள் கொண்டுவர முடியாதா?

முடியும் என்றுதான் அரசே சொன்னது. 2017இல் டெல்டாவுக்குப் போன துணை ஜனாதிபதி யெமி ஒசின்பாஜோ, இந்த இளைஞர்களைச் சிறிய ஆலைகளில் சேர்த்துக்கொள்வோம் என்று வாக்குக் கொடுத்தார். சிறிய ஆலைகள் சாத்தியம் என்பதற்கு இமோ மாநிலத்தில் 2020 நவம்பரில் திறந்த வால்டர்ஸ்மித் ஆலை சாட்சி, நாளொன்றுக்கு 5,000 பீப்பாய். எண்ணெய்க் கிணற்றின் பக்கத்திலேயே இருப்பதால் நீண்ட குழாயை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதைக் கட்ட முதலீடு வேண்டும், உரிமம் வேண்டும், தினமும் கச்சா கிடைக்கும் என்ற உத்தரவாதம் வேண்டும். லெக்கியில் ஆயிரக்கணக்கான கோடி போட்டவருக்கே கச்சா சரியாகக் கிடைக்காதபோது, கூட்டுறவு வைத்துக் கேட்கும் பத்துப் பையன்களுக்கு யார் கொடுப்பார்கள்? உள்நாட்டுக் கச்சாவில் ஒரு சிறு பங்கை டெல்டா ஊர்களின் சிறிய ஆலைகளுக்கென்று சட்டத்தில் எழுதி ஒதுக்க வேண்டும், அந்த ஆலைகளில் அந்த ஊர்களுக்கே பங்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒசின்பாஜோ வாக்குக் கொடுத்த பையன்கள் இன்னமும் படகில் போய், இருட்டிய பிறகுதான் அடுப்பை மூட்டுகிறார்கள்.